இன்சுலினும் இன்சுலேஷன் டேப்பும்: ஆங்கிலச் சொற்களுக்குள் இருக்கும் லத்தீன் வேர்

பாம்பனில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஏழெட்டுப் பிள்ளைகள் படிக்க வருவார்கள். பெரும்பாலும் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். ஆங்கிலப் பாடம் என்றாலே முகம் வாடிவிடும். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொற்பட்டியலை மேலிருந்து கீழாக மனப்பாடம் செய்வார்கள், மறுவாரம் மறந்துவிடுவார்கள். ஒருநாள் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பட்டியலை மூடி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா, எங்க அப்பத்தாவுக்குப் போடுற ஊசி இன்சுலின். நேத்து வயர்மேன் அண்ணன் கம்பியில சுத்துனது இன்சுலேஷன் டேப். ரெண்டுலயும் முதல் அஞ்சு எழுத்து ஒண்ணாவே இருக்கு. ஏன்க்கா?"

அவன் கேள்விக்கான விடை நாங்கள் உட்கார்ந்திருந்த மண்ணிலேயே இருந்தது. லத்தீன் மொழியில் இன்சுலா என்றால் தீவு.

டேப்பை முதலில் பார்ப்போம். மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றி ரப்பரையோ பிளாஸ்டிக்கையோ போர்த்துகிறோம். கம்பி எதையும் தொடாமல் தனித்து நிற்கிறது. அதாவது கம்பியைத் தீவாக்கிவிட்டோம். இன்சுலேட் என்ற வினைச்சொல்லுக்கு நேர்ப்பொருளே தீவாக்குதல்தான். பாம்பனில் பாலம் இல்லாத காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1914இல் ரயில் பாலம் திறக்கும்வரை மண்டபத்துக்கும் நமக்கும் நடுவே கடல்தான். படகில்லாமல் யாரும் கடக்க முடியாது. கம்பிக்கும் நம் விரலுக்கும் நடுவே டேப் செய்வது அந்தக் கடலின் வேலையைத்தான். மீன் ஏற்றும் லாரியில் சுவர் தடித்த ஐஸ் பெட்டி இருக்கிறதே, அதற்கும் இன்சுலேட்டட் பாக்ஸ் என்றுதான் பெயர். வெளிச்சூடு உள்ளே வராமல் மீனை ஒரு குளிர்ந்த தீவில் வைத்திருக்கிறது.

இன்சுலின் கதை இன்னும் அழகானது. 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவ மாணவர் கணையத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஒரே மாதிரியான செல்களுக்கு நடுவில், வேறு வகைச் செல்கள் சிறு சிறு கூட்டமாக ஒதுங்கிக் கிடந்தன. பின்னால் வந்தவர்கள் அவற்றுக்கு அவர் பெயரையே வைத்து லாங்கர்ஹான்ஸ் தீவுகள் என்றார்கள். நம் பாடநூல்கள் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்கின்றன. எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கும். தனுஷ்கோடிக்கு அப்பால் தலைமன்னார் வரைக்கும் கடலில் கிடக்கும் மணல் திட்டுகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, கணையத்துக்குள் செல்கள் எப்படிக் கிடக்கும் என்று படம் போட்டுக் காட்டவே வேண்டாம். அந்தத் திட்டுகளில் சுரப்பது என்பதால்தான் அது இன்சுலின். 1921இல் டொராண்டோவில் பான்டிங், பெஸ்ட் இருவரும் அதைப் பிரித்தெடுத்தார்கள்.

அப்பத்தாவின் ஊசி மருந்துக்குப் பெயர் தீவிலிருந்து வந்தது என்று சொன்னதும் அந்தப் பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்போ கொரோனா சமயத்துல சொன்னாங்களே, ஐசோலேஷன் வார்டு?" என்றான். அதுவும் அதே குடும்பம்தான். இன்சுலா என்ற சொல் இத்தாலிய மொழியில் தேய்ந்து ஈசோலா ஆனது. அங்கிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது ஐசோலேஷன். தனித்தீவாக ஒருவரை ஒதுக்கி வைப்பது. பெனின்சுலாவும் அப்படித்தான். பைனே என்றால் லத்தீனில் 'ஏறக்குறைய'. மூன்று பக்கம் கடலும் ஒரு பக்கம் நிலமுமாக இருப்பது ஏறக்குறைய தீவு. நாம் சொல்லும் தீபகற்பம் என்ற வடசொல்லும் 'தீவைப் போன்றது' என்றுதான் பொருள்படும். ரோமானியரும் வடமொழியாளரும் ஒரே நிலத்தைப் பார்த்து ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.

சரி, வேர்ச்சொல் என்றால் என்ன?

இது நமக்குப் புதிய சங்கதி இல்லை. நன்னூலில் பகுபத உறுப்புகள் ஆறு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். அதில் முதலில் நிற்கும் பகுதிதான் இங்கே வேர். 'மித' என்பது ஒரு பகுதி. அதிலிருந்து மிதவை வருகிறது, மிதப்பு வருகிறது, மிதக்கிறது, மிதந்தது எல்லாம் வருகின்றன. வலையில் மிதவை கட்டுகிறவருக்கு இவை தனித்தனிச் சொற்களாகத் தோன்றுவதே இல்லை. ஒன்றைத் தெரிந்தால் மற்றவை தாமாகத் தெரியும். ஆங்கிலத்திலும் அதேதான் நடக்கிறது. ஆனால் அங்கே பகுதி பல நேரம் லத்தீனில் இருக்கிறது, அதனால் நம் கண்ணுக்குச் சட்டென்று படுவதில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தமிழில் பொருள் மாறுவது பெரும்பாலும் சொல்லின் வால்பக்கம். வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று கடைசியைப் பார்த்தே பழகிய கண் நம்முடையது. லத்தீனிலிருந்து வந்த ஆங்கிலச் சொற்களிலோ தலைப்பக்கத்தில் ஒட்டும் சிறு துண்டுதான் திசையைச் சொல்கிறது. நம் பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். சொல்லின் முகத்தைப் பார்க்க அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஆங்கிலத்துக்குள் லத்தீன் எப்படிப் புகுந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அவர்கள் பேசிய பிரெஞ்சு, லத்தீனின் மகள். அரசவையும் வழக்குமன்றமும் பல தலைமுறைகளுக்கு அந்த மொழியில் நடந்தன. பிறகு அறிஞர்களும் மருத்துவர்களும் லத்தீனிலிருந்தே நேராகச் சொற்களை எடுத்தார்கள். இன்று ஆங்கில அகராதியில் பாதிக்கு மேற்பட்ட சொற்கள் நேராகவோ பிரெஞ்சு வழியாகவோ லத்தீனிலிருந்து வந்தவை. ஆனால் வீட்டுக்குள் புழங்கும் சொற்கள் பழைய ஆங்கிலமாகவே நின்றுவிட்டன. வாட்டர், சீ, பிஷ் எல்லாம் அப்படி. அதே கடல் அரசாங்கக் காகிதத்தில் ஏறினால் மெரைன் ஆகிவிடுகிறது. வீட்டில் நாம் தண்ணி என்கிறோம், ராமேஸ்வரம் கோயிலுக்குள் போனால் அதுவே 22 தீர்த்தம் ஆகிவிடுகிறதே, அதைப்போல.

லத்தீன் எங்கோ தூரத்து மொழி என்றும் எண்ண வேண்டாம். வைகை கடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், நம் மாவட்டத்து அழகன்குளத்தில், தொல்லியல் துறை தோண்டியபோது ரோமானியக் காசுகள் கிடைத்தன. சாடித் துண்டுகளும், கப்பல் கீறிய பானை ஓடும் கிடைத்தன. ரோம அரசின் காசில் பொறிக்கும் எழுத்து லத்தீன். இந்தக் கரையில் ஒரு காலத்தில் அந்த எழுத்தைக் கையில் வாங்கி எண்ணி முடிந்து வைத்துக்கொண்ட ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

இனி, கரையில் தினமும் காதில் விழும் ஒரு வேரை எடுத்துக்கொள்வோம். போர்ட்.

லத்தீனில் போர்ட்டுஸ் என்றால் துறைமுகம். போர்ட்டாரே என்றால் சுமத்தல், கொண்டுபோதல். இரண்டும் அதைவிடப் பழைய ஒரே வேரிலிருந்து கிளைத்த உடன்பிறப்புகள். புயல் சின்னம் உருவானால் பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்களே, அந்தப் போர்ட் ஆபீசில் இருப்பது போர்ட்டுஸ். மற்றதெல்லாம் போர்ட்டாரேயின் பிள்ளைகள். அவற்றின் தலையில் இருக்கும் துண்டைப் பாருங்கள். எக்ஸ் என்றால் வெளியே. எக்ஸ்போர்ட், வெளியே சுமந்து போவது. நண்டும் இறாலும் கணவாயும் கரையில் எடை போட்டதும் "இது எக்ஸ்போர்ட்டுக்குப் போகும்" என்கிறோமே, அதுதான். இம் என்றால் உள்ளே, ஆகவே இம்போர்ட். டிரான்ஸ் என்றால் குறுக்கே கடந்து அக்கரைக்கு. டிரான்ஸ்போர்ட், இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்குச் சுமப்பது. ரீ என்றால் திரும்ப. பார்த்ததைத் திரும்பக் கொண்டுவந்து சொல்வது ரிப்போர்ட். டீ என்றால் அப்பால், எனவே ஒருவரை நாட்டைவிட்டு வெளியேற்றுவது டிப்போர்ட். சப் என்றால் அடியில். சப்போர்ட் என்ற சொல்லை நாம் தேர்தலிலும் கிரிக்கெட்டிலும் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். அதன் உள்ளே இருக்கும் படம், ஒருவன் அடியில் நின்று தோள் கொடுத்துத் தாங்குவது. வத்தைப் படகைக் கரையேற்றும்போது அடியில் தோள் கொடுப்பவரைப் பார்த்த பிள்ளைக்கு அந்தச் சொல் மறக்கவே மறக்காது. ரயில் நிலையத்துப் போர்ட்டரும் கையில் எடுத்துப்போகும் போர்ட்டபிள் ரேடியோவும் இதே வீடுதான். ஸ்போர்ட்கூட இங்கேதான் வருகிறது. வேலையிலிருந்து மனத்தை அப்பால் கொண்டுபோவது என்ற பொருளில் பழைய பிரெஞ்சில் இருந்த ஒரு சொல், தலை தேய்ந்து ஆங்கிலத்தில் ஸ்போர்ட் ஆனது.

இந்தக் குடும்பத்தில் எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது ஆப்பர்ச்சூனிட்டி. பரீட்சைக்கு 'வாய்ப்பு' என்று எழுதி மனப்பாடம் செய்யும் சொல். பிரித்தால் ஓப், போர்ட்டுஸ். துறைமுகத்தை நோக்கி. லத்தீனில் முதலில் அது காற்றைப் பற்றிய சொல். பாய் விரித்த கப்பல் கடலில் நிற்கிறது. துறையை நோக்கிக் காற்று வீசினால்தான் கரை. அப்படி வீசும் காற்றை ஓப்பர்ட்டூனுஸ் என்றார்கள். வாடை எப்போது எடுக்கும், கச்சான் எப்போது அடங்கும், சோழகம் எந்த மாதம் என்று வீட்டுப் பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான சொல் இருக்க முடியுமா? கரைக்குக் கொண்டுசேர்க்கும் காற்று எந்நேரமும் வீசாது. வாய்ப்புக்கு அந்தப் பெயர் அப்படி வந்தது. நம் உழவர்களும் இதையே களத்துமேட்டில் நின்று சொன்னார்கள்: காற்றுள்ளபோதே தூற்றிக்கொள். ரோமானியருக்குக் கப்பல், நமக்கு முறம். காற்று ஒன்றுதான்.

கரை என்று சொன்னதும் இன்னொரு வேர் நினைவுக்கு வருகிறது. ரீப்பா என்றால் லத்தீனில் கரை. 'கரைக்கு' என்று சொல்ல முன்னால் அட் சேர்ப்பார்கள். அட் ரீப்பா. இது பேச்சில் உருண்டு, பிரெஞ்சில் அரிவே ஆகி, ஆங்கிலத்தில் அரைவ் ஆயிற்று. ராமேஸ்வரம் ரயில் நிலையத்தில் ரயில் வரும் நேரத்தைக் காட்டும் பலகையில் இருக்கும் அரைவல் அதுதான். முதலில் படகுக்கு மட்டும் சொன்ன சொல், பிறகு ரயிலுக்கும் விமானத்துக்கும் ஆளுக்கும் பொதுவாகிவிட்டது. நாமும் மகளுக்குக் கல்யாணம் முடிந்ததும் "ஒரு வழியா கரைசேத்துட்டேன்" என்கிறோம். கடலே பார்க்காத ஊரிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். ரிவர் என்ற சொல்லும் ரீப்பாவிலிருந்து வந்ததுதான். ஆற்றின் பெயருக்குள் இருப்பது தண்ணீர் இல்லை, கரை.

அருகில் இன்னொரு வேர் இருக்கிறது, குழப்பிக்கொள்ளக் கூடாது. ரீவுஸ் என்றால் ஓடை, வாய்க்கால். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் இரண்டு பேரை ரோமானியர் ரீவாலிஸ் என்றார்கள். அதிலிருந்து ஆங்கிலத்தில் ரைவல், போட்டியாளர். இதற்கு விளக்கம் கேட்டுக் கடற்கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய் போன்ற கண்மாய்களை நம்பி விவசாயம் செய்யும் ஊர்களில் கேளுங்கள். மடை திறக்கும் நாளில் யார் வயலுக்கு முதலில் பாயும், முறை தவறிப் பாய்ச்சியது யார் என்று தொடங்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்பது அவர்களுக்குத் தெரியும். பங்கு போட்டுக்கொள்கிறவன் பங்காளி. சண்டை என்றதும் நம் வாயில் முதலில் வருவதும் பங்காளிச் சண்டைதான். ரீவாலிஸ், பங்காளி என்ற இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று விளக்கிவிடும். டிரைவ் என்று பாடநூலில் வருமே, ஒரு சூத்திரத்தை வருவிப்பது. வண்டி ஓட்டும் டிரைவ் வேறு, இது டி, ரைவ் என்று பிரியும். ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரை இழுப்பது என்பதே அதன் பழைய பொருள்.

கடலுக்கான வேர் மாரே. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் அறிவித்தார்களே, அந்தத் தேசியப் பூங்காவின் பெயரில் வரும் மெரைன், கடலுக்கு அடியில் போவதால் சப்மெரைன், சென்னை மெரினா எல்லாம் இதுதான். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எழுத்து ஒன்றுபோல் இருந்தால் உறவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மிதவைக்கும் மிதிவண்டிக்கும் தொடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ஒன்று மித, மற்றொன்று மிதி. ஆங்கிலத்தில் மேரேஜ் என்ற சொல்லில் மாரே இருப்பதுபோல் தெரியும், கடலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதில் ஆங்கிலேயர்களே ஏமாந்த கதை ஒன்று உண்டு, அதுவும் நம் தீவைப் பற்றியது. ஐலண்ட் என்று உச்சரிக்கிறோம், எழுதும்போது நடுவில் ஒரு எஸ் வருகிறது. ஏன் என்று பிள்ளைகள் எல்லாரும் கேட்பார்கள். உண்மையில் அது லத்தீன் சொல்லே இல்லை. தண்ணீர் சூழ்ந்த நிலம் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல், அதில் எஸ் கிடையாது. இன்சுலாவிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த ஐல் என்ற இன்னொரு சொல்லில் எஸ் இருந்தது. இரண்டும் தீவைத்தானே குறிக்கின்றன, ஒரே குடும்பமாக இருக்கும் என்று நினைத்து இதிலும் ஒரு எஸ்ஸைச் செருகிவிட்டார்கள். சில நூறு ஆண்டுகளாக உலகம் முழுக்கப் பிள்ளைகள் அந்தத் தவறான ஊகத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். ஆகவே ஐயம் வந்தால் நல்ல அகராதியைத் திறந்து, சொல்லின் பிறப்பு போட்டிருக்கும் வரியைப் பார்த்துவிட வேண்டும். ஒரு நிமிட வேலை.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். லத்தீன் வேர்கள் ஆங்கிலப் புத்தகத்தில் மட்டும் இல்லை, நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இந்தக் கரைக்கு வந்தார்கள், மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளையில் நிலைகொண்டிருந்தார்கள். பிரெஞ்சைப் போலவே போர்ச்சுகீசும் லத்தீனின் மகள். போர்ச்சுகல் என்ற பெயரே போர்ட்டுஸ் காலே என்ற துறையின் பெயர், அதாவது நாம் மேலே பார்த்த அதே துறைமுகம். அவர்கள் விட்டுப்போன சொற்களில் ஒன்று சாவி. லத்தீனில் கிளாவிஸ். நம் காறை எலும்புக்கு ஆங்கிலத்தில் கிளாவிக்கிள், குட்டிச் சாவி என்று பொருள். 2025 மே மாதம் புதிய போப்பைத் தேர்ந்தெடுத்தபோது தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில் கேட்ட கான்கிளேவ் என்ற சொல்லின் நடுவில் இருப்பதும் இந்தச் சாவிதான். சாவி போட்டுப் பூட்டிய அறை. ஜன்னலும் அவர்கள் கொடுத்ததே. வாசலைக் குறிக்கும் யானுவா என்ற லத்தீன் சொல்லின் குட்டி. வாசல்களின் தெய்வமான யானுஸின் பெயரில் ஆண்டின் வாசலாக நிற்கிறது ஜனவரி. அலமாரியும் அப்படி வந்தது, ஆயுதங்களை வைக்கும் இடத்துக்கு லத்தீனில் 'அர்மாரியும்' என்று பெயர். ஆர்மி என்ற சொல் அதன் ஒன்றுவிட்ட அண்ணன். மீன் ஏலத்தில் வரும் ஏலமும் போர்ச்சுகீசியர் வழியாக வந்ததுதான், ஆனால் அதன் மூலம் அரபி. வழி ஒன்றானாலும் வேர் வேறாக இருக்கலாம் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நூறு வேர்களை வாங்கி வைத்துக்கொண்டு திணற வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும். நோட்டில் ஒரு பக்கத்துக்கு நடுவே வேரை எழுதுங்கள். கடைப் பலகையிலோ மருந்துச் சீட்டிலோ அந்த வேர் கண்ணில் படும்போதெல்லாம் சொல்லைச் சுற்றிலும் சேருங்கள். தலையில் ஒட்டியிருக்கும் துண்டுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். எங்கள் திண்ணைப் பிள்ளைகள் இப்போது இப்படித்தான் செய்கிறார்கள்.

போன வாரம் அந்தப் பையனோடு பாம்பன் பாலத்துப் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தேன். மண்டபம் பக்கம் போகும் மீன் லாரி ஒன்று ஐஸ் தண்ணீர் ஒழுக எங்களைக் கடந்தது. பின்கதவில் கம்பெனிப் பெயர் உப்புக்காற்றில் உரிந்து போயிருந்தது, கடைசி இரண்டு சொற்கள் மட்டும் மிச்சம். மெரைன் எக்ஸ்போர்ட்ஸ். அவன் நின்று, விரலை நீட்டி, துண்டு துண்டாகப் படித்தான்.

"கடல். வெளியே. சுமக்கிறது." பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, மீன் வண்டின்னு போட்டிருக்கான்" என்றான்.